சட்டாம்பிள்ளையா, அண்ணனா?

ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறந்துவிட்டால், மதுராந்தகம் பேருந்து நிலையத்தின் நிறமே மாறிவிடுகிறது. சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்திறங்கும் பிள்ளைகள், மடிப்புக் கலையாத சீருடைகள், முதுகைவிடப் பெரிய புத்தகப் பைகள்! அவ்வழியே செல்லும்போதெல்லாம் நாம் சற்றே நின்று அக்காட்சியைக் கண்டு மகிழ்வதுண்டு. "தோத்திரம், சாமி" என்று ஓடிவந்து கைகூப்பும் நம் பங்குப் பிள்ளைகளின் முகங்களில்தான் எத்தனை நம்பிக்கை!

ஆனால், அன்பார்ந்த பெற்றோரே, அந்த நம்பிக்கையோடு ஓர் அச்சமும் இக்காலத்தில் சேர்ந்துகொண்டிருப்பதை நாம் அறிவோம். வீடு சந்திக்கச் செல்லும்போது, ஆண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களே ஏதேதோ பழகுதுங்கன்னு சொல்றாங்களே, மெய்தானா?"

மெய்தான். மறைப்பதால் பயனில்லை. ஏரிக்கரையில் வாழும் நமக்கு ஒன்று தெரியும். கரையை உடைப்பது பெருவெள்ளம் மட்டுமன்று. யாரும் கவனியாத ஒரு நண்டு வளையும் போதும். வளை சிறியதாக இருக்கும்போதே கண்டு அடைப்பவன் ஊரைக் காப்பாற்றுகிறான். கசியும் நீரைக் கண்டும் பேசாதிருப்பவன் ஊரை இழக்கிறான். நம் பிள்ளைகளின் வாழ்விலும் அப்படிப்பட்ட வளைகளை முதலில் காண்பவர் யார்? அவற்றைக் கண்டவர் ஏன் வாய் திறப்பதில்லை? இவ்விரு கேள்விகளையே இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

நம் நெஞ்சை உறுத்தும் ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஆண்கள் பள்ளி ஒன்றின் நிர்வாகத்தில் நமக்கும் பங்கு இருந்தது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில், உதட்டின் உட்புறம் அடக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பொட்டலங்கள் சில அகப்பட்டன. ஆசிரியர்கள் கூடினர். பள்ளியின் நற்பெயர் பேசப்பட்டது; மற்றப் பிள்ளைகளின் நலம் பேசப்பட்டது. அந்தப் பையனின் நலத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அரை மணி நேரத்தில் முடிவு எடுத்தாயிற்று: மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவது. நாமும் அம்முடிவுக்கு உடன்பட்டோம்.

பையனின் தந்தை செங்கற் சூளையில் கூலி வேலை செய்பவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கோபிக்கவில்லை, கெஞ்சவுமில்லை. சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்: "சாமி, வீட்டுல நாங்க இருக்கிறதில்லே. பள்ளிக்கூடத்துலயும் வேணாம்னுட்டீங்க. இனிமே இவனை நான் எங்கே கொண்டுபோய் விடறது?" அதற்கு நம்மிடம் விடையில்லை.

அதனினும் பெரிதாக உறுத்துவது பின்னர் நடந்தது. அவ்வகுப்பின் மாணவர் தலைவனை அழைத்து, "உனக்கு இது தெரியாதா?" என்று வினவினோம். நல்ல பையன்; படிப்பில் கெட்டிக்காரன். தலை குனிந்தபடியே சொன்னான்: "மூணு மாசமா தெரியும், ஃபாதர்." "பிறகு ஏன் சொல்லவில்லை?" என்றோம். "சொன்னா டி.சி. கொடுத்து அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன், ஃபாதர்."

அவன் எதற்கு அஞ்சினானோ அதையே நாம் செய்து முடித்திருந்தோம்! மூன்று மாதங்களாக ஒரு சிறுவன் அந்தச் சுமையைத் தனியே சுமந்திருக்கிறான். தன் தோழனைக் காப்பாற்ற அவன் அறிந்த ஒரே வழி மௌனம். அந்த மௌனத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமேயன்றி வேறு யார்?

சென்னை தந்த பாடம்

மாணவரை மாணவரே வழிநடத்துவது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்று அழைத்தனர். வாத்தியார் இல்லாத வேளையில் வகுப்பைக் கவனிப்பவனும், இளையவர்களுக்குப் பாடம் சொல்லித் தருபவனும் அவனே.

1787இல் இந்தியா வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குரு, 1789இல் சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்க விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, தன்னினும் சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். பெரியவர்கள் மறுத்ததை அச்சிறுவன் செவ்வனே செய்தான். 1797இல் பெல் இதனை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

ஆயினும் சட்டாம்பிள்ளைக்கு மற்றொரு முகமும் இருந்தது. தின்பண்டம் கொடுத்தவனைக் காட்டிக்கொடாமலும், கொடாதவனை வாத்தியாரிடம் மாட்டிவைத்தும் அதிகாரம் செய்த சட்டாம்பிள்ளைகளைப் பற்றி நம் முன்னோர் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறோம். கற்பிக்கும் கை, பிரம்பு பிடித்த கை, இரண்டும் அவனுக்கே உரியவை. இன்றைய பள்ளிகளில் நாம் அடையாளப் பட்டை குத்தி, உறுதிமொழி கூறச் செய்து அமர்த்தும் மாணவர் தலைவனுக்கு இவற்றில் எந்தக் கையைக் கொடுக்கிறோம்?

பெரும்பாலும் பிரம்பையே கொடுக்கிறோம். தாமதமாக வந்தவர் பெயரை எழுது, பேசியவன் பெயரைக் கரும்பலகையில் போடு, சட்டையை வெளியே விட்டவனைக் கொண்டுவந்து நிறுத்து. இவையே அவன் பணிகள். அவன் அண்ணனாக இருப்பதற்குப் பதிலாகச் சிறு காவல்காரனாகிவிடுகிறான். காவல்காரனிடம் யாரும் தம் துயரத்தைச் சொல்வதில்லை.

தூரின் நகரில் புனித தொன் போஸ்கோவின் இல்லத்தில் வாழ்ந்த தொமினிக் சாவியோவை நம் பிள்ளைகள் அறிவர். கல்லெறிந்து சண்டையிட நின்ற இரு மாணவர் நடுவே, கையில் பாடுபட்ட சுரூபத்துடன் போய் நின்றவன் அவன். அவன் யாருடைய பெயரையும் எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நடுவில் நின்றான், அவ்வளவே. 1856இல் தன் தோழர்களைச் சேர்த்து அவன் தொடங்கிய சிறு சபையில், வழிதவறக்கூடிய மாணவர்களை ஆளுக்கு ஒருவராகத் தோழமையோடு கவனித்துக்கொண்டனர். மறு ஆண்டு, பதினைந்து வயது நிறையுமுன்பே அவன் இறந்துபோனான். அண்ணனாய் இருக்க வயது தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சீருடை எதற்காக?

மாணவர் தலைவன் முதலில் கண்காணிப்பது சீருடையையே. ஆதலின் அதனைப் பற்றியும் ஒரு சொல். சீருடை என்பது ஒழுங்குக்காக என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஒழுங்கு இரண்டாவது, முதலாவது சமத்துவம்.

பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பள்ளிக்கல்வித் துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1950களின் இறுதியில் அவர் முயற்சியால் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் தாமே முன்வந்து கரும்பலகையும் இருக்கையும் சீருடையும் வழங்கினர். பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியை உடுத்தி ஒரே வரிசையில் அமர்ந்தது அன்று சிறிய புரட்சியன்று.

அப்புரட்சி முடிந்துவிட்டதா? சீருடைச் சட்டையின் கைக்குக் கீழே, மணிக்கட்டில் கட்டப்படும் வண்ணக் கயிறுகளைப் பாருங்கள். இன்ன நிறம் இன்ன சாதி என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அதன் முடிவு என்ன என்பதை 2023 ஆகஸ்டு மாதம் நாடே கண்டது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தலித் மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர்; தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுண்டாள். தான் துன்புறுத்தப்படுவதை அவன் பள்ளியில் சொன்ன பின்னர் நேர்ந்த கொடுமை அது. இதனைத் தொடர்ந்து அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, 2024 ஜூனில் தம் அறிக்கையை அளித்தார். சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. எல்லாச் சமூகத்து மாணவரும் சேர்ந்த, தனிச் சீருடையுள்ள சமூகநீதி மாணவர் படை ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. சீருடையும் மாணவர் தலைமையும் ஒரே நோய்க்கு மருந்தாகக் கூறப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

அது தென் மாவட்டத்துச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கயிறு நம் ஊரிலும் விற்கிறது. நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் அதைக் கட்டிவிடும் கைகள் இல்லை என்று மார்தட்டிச் சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். சாயம் போன சட்டையோடு வருபவனை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தும் தலைவன், சமத்துவத்துக்காக வந்த சீருடையைக் கொண்டே ஏழையை அடையாளம் காட்டிவிடுகிறான். "ஏன் இப்படி வந்தாய்?" என்று எல்லார் முன்னும் கேட்காமல், இடைவேளையில் தனியே அழைத்துக் கேட்கட்டும். இருப்பது ஒரே சட்டை என்பதும், இரவில் துவைத்தது காயவில்லை என்பதும் அப்போது தெரியவரும். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார், பிள்ளைகள் வளர்ந்து விட்டுவிட்ட நல்ல சீருடைகளைத் திரட்டித் துவைத்து, பெயர் வெளியே தெரியாமல் தேவைப்படுவோர்க்கு வழங்கலாமே! அரசின் விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் விரைந்து வளர்வதோ அதன் பின்னர்தான்.

போதை எப்படி வருகிறது?

இனி, தாய்மார் குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்தச் செய்திக்கு வருவோம். போதை என்றதும் எங்கோ தொலைவிலிருந்து முகம் தெரியாத ஒருவன் கொண்டுவருகிறான் என்று நினைக்கிறோம். உண்மையில் முதற் பொட்டலத்தைப் பிள்ளை பெரும்பாலும் பெறுவது தெரிந்தவனிடமிருந்தே. பக்கத்துத் தெரு அண்ணன், கிரிக்கெட் ஆடும் தோழன், சில வேளை சொந்தத் தந்தையின் சட்டைப்பை!

2019இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்திய புகையிலை ஆய்வில், நூற்றுக்கு 8.5 பேர் அப்போது ஏதேனும் ஒருவகைப் புகையிலையைப் பயன்படுத்துவோராக இருந்தனர். புகையாத, வாயில் அடக்கும் வகையைத் தொட்டவர்களில் பாதிப்பேர் பத்து வயது நிறையுமுன்பே தொட்டவர்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. புது நன்மை வாங்கும் பருவம்! அதே 2019இல் புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு இன்னொன்றைக் கூறிற்று. பசை, மைத்திருத்தி நீர்மம் போன்றவற்றை மோந்து மயங்கும் பழக்கம் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடையே அதிகம். பெரியவர்களில் நூற்றுக்கு 0.58 பேர், சிறுவரில் 1.17 பேர். இவை எழுதுபொருள் கடையிலும் மிதிவண்டிக் கடையிலும் கிடைப்பவை. மிதிவண்டிச் சக்கரத்தைச் சீர்செய்யும் பசை, பிள்ளையின் பையில் ஏன் இருக்கிறது என்று எந்தப் பெற்றோர் ஐயுறுவர்?

பின்னர் கஞ்சா வருகிறது. அதனோடு மதுவும் வருகிறது. மது செய்யும் அழிவை நாம் ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம், நம் மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர்ப் பகுதியிலும், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலைக்கென உள்ள மெத்தனால் உடலுக்குள் சென்றதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பின்னர் உயிரையே பறிக்கிறது. அவ்வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தனர். அப்பாவின் கையில் கண்டதையே மகனும் ஒருநாள் கையில் எடுக்கிறான். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த மண்ணில், நம் வீட்டு விருந்துகளிலும் திருவிழாக்களிலும் புட்டிக்கு இடம் தந்துவிட்டு, பிள்ளைக்குப் பள்ளி பாடம் நடத்தட்டும் என்பது எவ்வகை நியாயம்?

சட்டங்கள் இல்லாமலில்லை. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தமிழக அரசு 2013இல் குட்காவைத் தடைசெய்து, ஆண்டுக்கு ஆண்டு அத்தடையை நீட்டித்தும் வந்தது. சிறுவர்க்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவனுக்கு ஏழாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பள்ளிவாசல் பெட்டிக்கடைக்காரரிடம் இதனை அன்போடும் உறுதியோடும் எடுத்துச் சொல்வது நம் கடமை. கேளாவிடில் முறையிடுவதும் கடமையே.

அச்சுறுத்தல் போதுமா?

ஆண்டுதோறும் ஜூன் 26ஆம் நாள் உலகப் போதை ஒழிப்பு நாள். பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறோம்; ஊர்வலம் செல்கிறோம்; மண்டையோட்டுப் படங்களை மாட்டுகிறோம். இவை வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் இவை போதா. 'ஒருமுறை தொட்டால் செத்துப்போவாய்' என்று நாம் சொல்லுகிறோம். பிள்ளையோ, தொட்டவன் மறுநாளும் பந்தாடுவதைக் காண்கிறான். அன்று முதல் நம் சொல்லில் மெய்யானதையும் அவன் நம்புவதில்லை.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு, 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்த வழிகாட்டியும் இதனையே வலியுறுத்துகிறது. அச்சுறுத்தும் பேருரைகளால் பயன் விளைவதில்லை. பிள்ளைகள் தாமே பேசி, நடித்துப் பார்த்து, மறுக்கப் பழகும் பயிற்சியே பயன் தருகிறது. 'வேண்டாம்' என்ற சொல் எளியதன்று. பத்துப் பேர் சிரிக்கும்போது அதனைச் சொல்லப் பதினான்கு வயதுப் பையனுக்குப் பயிற்சி வேண்டும். அப்போது பக்கத்தில் நின்று, "வா, நாம் போவோம்" என்று தோளில் கைபோட ஓர் அண்ணனும் வேண்டும்.

பள்ளிகள் மாணவர் தலைவனுக்கு மூன்று கடமைகளை மட்டும் கொடுக்கட்டும். கவனிக்க வேண்டும்: எவன் தனித்திருக்கிறான், எவன் உண்ணாமல் வருகிறான், எவன் திடீரென்று மாறிப்போனான் என்று. உடனிருக்க வேண்டும்: கண்டிக்க அன்று, கேட்க. அழைத்துச் செல்ல வேண்டும்: தானே தாங்க இயலாததை, நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடம். பைகளைச் சோதிப்பது பெரியவர்களின் வேலை. சிறுவன் தலையில் அதைச் சுமத்தலாகாது.

இது நடைபெற, நிர்வாகிகள் ஒரு வாக்குறுதி தர வேண்டும். உதவி கேட்டு அழைத்து வரப்படும் பிள்ளை பள்ளியை விட்டு அனுப்பப்பட மாட்டான். அவனுக்கு மருத்துவமும் ஆலோசனையும் பெற்றுத் தரப்படும். விற்பவன் வேறு, விழுந்தவன் வேறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே, சிறிதளவோடு அகப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கினின்று விலக்கு அளிக்கிறது. நாட்டின் சட்டம் திறந்து வைத்த கதவை, நல்லாயனின் பெயரால் நடக்கும் பள்ளிகள் மூடலாமா?

பெற்றோர்க்கு

பெற்றோரே, உங்களிடம் கேட்பது அதிகமன்று. நாளுக்கு ஒருவேளையாவது பிள்ளையோடு அமர்ந்து உண்ணுங்கள். அவன் தோழர்களின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கேட்கும் காசு திடீரென்று கூடினால், உறக்கமும் உணவும் மாறினால், உதட்டின் உட்புறம் புண் கண்டால், அடிக்காதீர்கள். அருகே அமர்ந்து கேளுங்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடி வைக்காதீர்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. சிறுவர் உதவிக்கு 1098. உங்கள் பங்குத்தந்தையின் வாயிலும் எந்நேரமும் திறந்தே இருக்கிறது.

அந்த மாணவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு நெடுஞ்சாலையோரம் நம் வண்டிச் சக்கரம் காற்றிழந்து நின்றபோது, பழுது பார்க்க வந்த இளைஞன் நம்மை உற்று நோக்கினான். நமக்கு அடையாளம் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. "ஃபாதர்தானே?" என்றான். பற்கள் கறை படிந்திருந்தன. பழக்கத்தை விட்டானா என்று கேட்க நமக்கு நா எழவில்லை. வேலையை முடித்து, காசு வாங்க மறுத்து, போகும்போது சொன்னான்: "என் தம்பி இப்ப ஒன்பதாவது படிக்கிறான், ஃபாதர். அவனையாவது பார்த்துக்கச் சொல்லுங்க."

முன்னாளில் ஏரியைக் காக்கக் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. மழைக்கு முன்பே வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடும் கூடையோடும் கரைக்கு வர வேண்டும். 'என் வயல் தொலைவில் இருக்கிறது' என்று யாரும் தப்ப இயலாது. நம் பிள்ளைகளுக்கும் அப்படியொரு குடிமராமத்து இப்போது வேண்டும். ஆசிரியர் ஒரு கூடை, பெற்றோர் ஒரு கூடை, பங்கு ஒரு கூடை, ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அண்ணன் ஒரு கூடை. அந்தத் தம்பி எந்தப் பள்ளியில் படித்தாலும் அவன் நம்முடையவனே. இறைவன் நம் பிள்ளைகளையும், அவர்களைக் காக்கும் அண்ணன்மாரையும் ஆசீர்வதிப்பாராக.